வெறும் சிலுவையும் பழசுதான்

ஐயா,

தங்கள் ஞாயிறு இணைப்பில் சிலுவை குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். இயேசுவின் உருவம் இல்லாத வெறும் சிலுவை, சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகள் கொண்டுவந்த வழக்கம் என்று அதில் எழுதியிருப்பது சரியல்ல. சென்னை பரங்கிமலைக் கோயிலில், 1547இல் போர்ச்சுக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவை இருக்கிறது. சுற்றிலும் பழைய பாரசீக எழுத்தான பஹ்லவி, மேலே இறங்கிவரும் புறா, உருவம் கிடையாது. 1517இல் மார்ட்டின் லூத்தர் சீர்திருத்தக் குரல் எழுப்பியதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது அது. இத்தனைக்கும் அது இருப்பது கத்தோலிக்கக் கோயிலில்!

எங்கள் வீட்டிலேயே மூன்று கட்சி. அம்மாவுக்கு, இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபம் வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரரான அப்பாவுக்கு, உயிர்த்தவரை ஏன் இன்னும் ஆணியில் தொங்கவிட வேண்டும் என்ற கேள்வி. பெந்தெகொஸ்தே சபைக்குப் போன தம்பி வீட்டுச் சுவரில் வசனக் காலண்டர் மட்டும்தான். அம்மா இறந்தபோது சவப்பெட்டி மூடியில் எந்தச் சிலுவை என்று அரை மணி நேரம் வாக்குவாதம். சவப்பெட்டி செய்தவர் ஸ்குரூடிரைவரோடு காத்து நின்றார். அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது மூன்று தரப்பாரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, அப்படியே பரங்கிமலைச் சிலுவையின் படத்தையும் போடுங்கள்.

– ஒரு வாசகர், தாம்பரம்