பெரியம்மாவின் கோபம்

அன்பு மகளுக்கு,

பெரியம்மாவின் முப்பதாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல, "தங்கச்சிக்காகவே வாழ்ந்த புண்ணியவதி, முகம் சுளித்ததே இல்லை" என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நீயும் போனில் கேட்டாயே, படிக்க முடியாமல் போனதில் பெரியம்மாவுக்கு வருத்தமே இல்லையா என்று. இல்லை என்று சொல்லி மழுப்பிவிட்டேன். இருந்தது.

1978-ல் உன் ஆச்சி தீப்பெட்டிக் கம்பெனியில் முன்பணம் வாங்கினாள். அக்காவுக்கு அப்போது பத்து வயது. விடியுமுன் நான்கு மணிக்குக் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். கம்மங்கஞ்சித் தூக்குச்சட்டியோடு பாதித் தூக்கத்தில் ஏறுவாள். பகலெல்லாம் கட்டை அடுக்க வேண்டும், அதாவது மருந்தில் தோய்ப்பதற்காகத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்க வேண்டும். இரவில் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் வீட்டில் அடிப்பெட்டி ஒட்டுவாள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். அவள் நகக்கண்ணில் எப்போதும் நீலம் ஏறியிருக்கும். காலையில் அந்த விரல்கள்தான் எனக்குச் சடை பின்னும், பஸ் வருவதற்கு முன்பே, நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே.

144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். ஒன்று குறைந்தாலும் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பயத்தில் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிப் பழகியவள், கடைசிவரை அப்படியேதான் எண்ணினாள். பத்து முறுக்கு கேட்டால் பன்னிரண்டு வைப்பாள். நீ கேலி செய்வாய், அவளும் சிரிப்பாள்.

1982 ஜூலையில் சத்துணவு வந்தது. எனக்கு ஏழு வயது. "சின்னவளுக்கு மத்தியானச் சோறு பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கும், அவள் அங்கேயே கிடக்கட்டும்" என்று ஆச்சி சொல்லிவிட்டாள். நான் படித்தது அப்படித்தான். ஆச்சியைக் குறை சொல்லிவிடாதே. கரிசல்காட்டில் பருத்தி எடுத்து வரும் கூலியில் ஒருத்தியைப் பள்ளிக்கு அனுப்புவதே பெரும்பாடு. தீப்பெட்டித் தொழிலில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. அக்காவுக்கு அப்போது பதினெட்டு.

எனக்கு ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்த அன்று ஆச்சி தெருவுக்கே சீனி கொடுத்தாள். அக்கா கை நீட்டவில்லை. திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "எனக்கும் பதினாறாம் வாய்ப்பாடு வரை தெரியும்" என்றாள். நிமிரவில்லை. மூன்று நாள் என்னோடு பேச்சு இல்லை. நான்காம் நாள் என் புதுச் சேலைக்கு ஓரம் தைத்துக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை. நான்தான் பேச்சை எடுத்திருக்க வேண்டும். பயந்து பயந்தே நாளைக் கடத்திவிட்டேன்.

2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனதும் போன் செய்தாள். "ஒட்டுகிறவளுக்கு எவ்வளவு ஏற்றினார்களாம்?" என்று கேட்டாள். ஒரே குச்சியில் விளக்கையும் அடுப்பையும் பற்றவைக்கிறவள் வேறு என்ன கேட்பாள்?

அவளுடைய சுங்குடிச் சேலை இரண்டை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள். நீ கேட்ட கோவில்பட்டிக் கடலைமிட்டாயை இன்று பார்சலில் போட்டுவிட்டேன். பத்து பாக்கெட் கேட்டிருந்தாய். பன்னிரண்டு இருக்கும்.

அம்மா