வெள்ளிக்கிழமை மட்டும் போகாதே

கோத்தகிரி

அன்புள்ள மகளுக்கு,

நலம். அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது சவாரிக்கு வந்த பார்ட்டியோடு கோடநாடு வியூ பாயின்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், உனக்குத் தெரியும். நீ கேட்டதற்குப் பாதிப் பதில்கூடச் சொல்லவில்லை. சீசன் நேரத்தில் ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டால் கண் சொருகிவிடுகிறது. இன்றைக்கு வண்டியை சர்வீசுக்கு விட்டிருக்கிறேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாலில் விளையாட விட்டதற்கு ஒரு பிள்ளைக்கு மணிக்கு இவ்வளவு, அதற்கென்று தனியாக சாக்ஸ், அப்புறம் சாப்பாடு, போக வர ஆட்டோ என்று ஒரே சாயங்காலத்தில் இரண்டாயிரம் ரூபாய் போய்விட்டது என்றாய். மாப்பிள்ளை வேலை மாறியிருக்கிறார், வாடகையும் ஏறியிருக்கிறது, லீவு முடிய இன்னும் நாள் கிடக்கிறது. "காசு கரையாமல் இதுகளை எங்கேப்பா கூட்டிக்கொண்டு போவது" என்று கேட்டாய். எழும்பூர் மியூசியத்துக்குப் போ என்றேன். "அதையெல்லாம் பார்க்க இதுகளுக்குப் பொறுமை இருக்காதுப்பா" என்றாய். அதோடு லைன் கட்டாகிவிட்டது.

பொறுமை இருக்காதுதான். எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது? இத்தனை வருடம் டூரிஸ்ட் வண்டி ஓட்டியதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். ஊட்டியில் தலைக்கு நூறு, இருநூறு என்று டிக்கெட் எடுத்து உள்ளே போகிற இடங்களில்தான் பிள்ளைகள் அதிகமாகத் திட்டு வாங்குகின்றன. பிள்ளை ஏதோ ஒன்றைப் பார்த்து நகர மாட்டேன் என்று நிற்கும். அப்பா, "இவ்வளவு காசு கொடுத்திருக்கிறோம், முழுசும் பார்க்க வேண்டாமா" என்று கையைப் பிடித்து இழுப்பார். வண்டிக்குத் திரும்பி வரும்போது யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். டிக்கெட் விலை குறைவாக இருந்தால் இந்தத் தகராறே இல்லை. பிள்ளை ஒரே பொருளுக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்கட்டும், மீதியைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிடலாம். கொடுத்த காசு வீணாயிற்றே என்று யாருக்கும் வயிறு எரியாது. இன்னொரு நாள் போனால் போயிற்று.

எழும்பூரில் நான் கடைசியாகப் போனபோது பெரியவர்களுக்கு 15 ரூபாய், பிள்ளைகளுக்கு 10 ரூபாய். இப்போது கொஞ்சம் ஏற்றியிருந்தாலும் மாலில் ஒரு பாப்கார்ன் விலைக்குள் நீங்கள் நாலு பேரும் போய் வந்துவிடலாம். கேமராவுக்குத் தனி டிக்கெட், அது அப்போது 200 ரூபாய். உங்கள் நாலு பேருக்குமான டிக்கெட்டைவிட நாலு மடங்கு! கேமராவே வேண்டாம். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொண்டு போ. பிடித்த ஒன்றை வரையட்டும். கோணலாக வந்தாலும் நீ திருத்தப் போகாதே. வரைவதற்காக நின்று பார்க்கிறார்கள் பார், அதற்குத்தான் அது.

அந்த மியூசியம் 1851-ல் ஆரம்பித்தது. இந்தியாவிலேயே அதைவிடப் பழையது கல்கத்தாவில் இருப்பது ஒன்றுதான். வளாகத்துக்குள் ஆறு கட்டிடங்கள், 46 கூடங்கள். ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடு. ஒரு தடவைக்கு ஒரு கட்டிடம் போதும்.

முதல் தடவை எலும்புக்கூடுகளைப் பார்க்கட்டும். யானை எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது. போன தடவை நீங்கள் மேலே வரும்போது குஞ்சப்பனையில் பலாப்பழத்துக்கு வந்த யானையைப் பெரியவன் வண்டிக்குள் இருந்தே பார்த்தான் அல்லவா, அவன் அதை மறந்திருக்க மாட்டான். அங்கே போனதும் நீயாக எதுவும் விளக்காதே. தும்பிக்கை எங்கே என்று அவனே கேட்பான். தும்பிக்கையில் எலும்பே கிடையாது, எல்லாம் தசைதான். மண்டை ஓட்டில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், நடுவில் பெரிய ஓட்டை மட்டும் இருக்கும். அதைக் கண் என்று சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை; பெரியவர்களே சொல்கிறார்கள். உண்மையான கண் இருந்த இடம் எது என்று தேடச் சொல். பக்கவாட்டில் இருக்கும். அப்புறம் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. அதன் துடுப்பை உற்றுப் பார்த்தால் உள்ளே நம் கையைப் போலவே விரல் எலும்புகள் வரிசையாக இருக்கும். மீன் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு எப்படி விரல் வந்தது என்று கேள்வி வரும். அதற்குப் பதில் தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிவிடு. எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விவரத்தை மட்டும் வரிவரியாகப் படித்துக் காட்டாதே. அதோடு மியூசியம் பள்ளிக்கூடமாகிவிடும்.

அடுத்த தடவை வெண்கலச் சிலைகள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். உலகம் முழுக்கப் படத்தில் பார்க்கிற நடராஜரை நம்மூர் மின்சார ரயிலில் போய் நேரில் பார்க்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தோன்றுகிறது! காலுக்கடியில் கிடக்கிற முயலகன் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறான் என்று சின்னவளைக் கேள். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் நின்றால் கைகளை எண்ணச் சொல். மூன்றுதான் வரும். வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று. ஏன் நாலு இல்லை, இரண்டு இல்லை என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். சாமியைப் பற்றிய பாடமெல்லாம் அப்புறம் வந்துகொள்ளும்.

மூன்றாவதாகச் சொல்வது எனக்குப் பிடித்தது. தொல்பொருள் பிரிவில் நம் மலையில் தோண்டி எடுத்தவை இருக்கின்றன. ஊட்டியில் பிரீக்ஸ் ஸ்கூல் இருக்கிறதே, அந்தப் பிரீக்ஸ்தான் தோண்டியவர். நீலகிரியின் முதல் கமிஷனர். மலை உச்சிகளில் வட்டமாகக் கல் அடுக்கிய பழங்காலச் சமாதிகளைத் திறந்து பார்த்து, கிடைத்ததையெல்லாம் எழுதி வைத்தார். 1872-ல் இறந்துபோனார், புத்தகம் மறுவருடம் வெளிவந்தது. அவர் சேர்த்தவற்றில் ஒரு பங்கு எழும்பூரில் இருக்கிறது, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நம் மலைப் பானைகள் இருக்கின்றன. அங்கே உள்ளே போக டிக்கெட்டே கிடையாதாம், போய்ச் சேர ஆகிற செலவுதான். பானைகளைவிட அவற்றின் மூடிகள்தான் வேடிக்கை. மூடியின் மேல் எருமை, குதிரை மேல் ஆள், நாய் என்று களிமண்ணில் செய்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையவை. பார்த்தால் பிள்ளைகள் பிசைந்து செய்த பொம்மை போலவே இருக்கும். அந்த எருமைக் கொம்பின் வளைவைப் பார்த்ததும் தோடர் மந்தில், அதுதான் அவர்கள் குடியிருப்பில், பார்த்த எருமை ஞாபகம் வரும். கண்ணில் படாவிட்டால் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஊழியரைக் கேள். நாள் முழுக்க அங்கேயே இருக்கிறவர்கள், ஒருவரும் அவர்களிடம் கழிப்பறைக்கு வழி தவிர வேறெதுவும் கேட்பதில்லை. கேட்டால் எழுந்து வந்தே காட்டுவார்கள்.

பழைய மெட்ராஸ்காரர்கள் அந்த மியூசியத்தை செத்த காலேஜ் என்பார்கள், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்பார்கள். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தன. மியூசியத்தை முதலில் கவனித்த பால்ஃபர் என்ற டாக்டர், உயிரோடு இருக்கிற மிருகங்களைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று கண்டுகொண்டு 1855-ல் அங்கேயே ஒரு மிருகக்காட்சி சாலையை ஆரம்பித்தார். அதுதான் இடம் மாறி மாறி இப்போது வண்டலூரில் இருக்கிறது. பார்ட்டியைப் பிடிக்கிற வித்தை எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சின்னவளுக்குச் சலிப்புத் தட்டினால் அதே வளாகத்தில் குழந்தைகள் அருங்காட்சியகம் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் மரத்தடியில் உட்காருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போ, உள்ளே கூடங்களில் சாப்பிட விட மாட்டார்கள். காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், திறக்கும்போதே போய்விட்டால் வெயிலுக்கு முன் பாதி வேலை முடிந்துவிடும். தாம்பரத்தில் ரயில் ஏறினால் எழும்பூர். ஐந்து வயதுக்குக் கீழே ரயிலில் டிக்கெட் கிடையாது, சின்னவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் அந்தச் சலுகை இருக்கிறது. ஸ்டேஷனில் இருந்து பாந்தியன் ரோடு நடக்கிற தூரம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் போகாதே, விடுமுறை. திங்கட்கிழமைதான் எல்லா மியூசியத்துக்கும் லீவு என்று நினைத்து வெள்ளிக்கிழமை போய் பூட்டிய கேட்டில் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிற மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை லீவு. அது மத்தியத் தொல்லியல் துறையுடையது, 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. கட்டிடம் 1795-ல் கட்டியது. வாள், துப்பாக்கி, பழைய நாணயம் எல்லாம் பெரியவனுக்குப் பிடிக்கும். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், அதை மட்டுமாவது பார்த்துவிட்டு வாருங்கள். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, பையில் கத்தி கித்தி வைக்காதே. கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் மையமும் பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. அங்கே தொட்டுத் திருகிப் பார்க்கலாம், கை சும்மா இருக்காத பிள்ளைகளுக்கு அதுதான் லாயக்கு. மே 18 மியூசியங்களுக்கான தினம். சில வருடங்களில் அன்றைக்கு இலவசமாகவே விடுகிறார்கள். பேப்பரில் பார்த்துக்கொள்.

இங்கே இந்த மாதம் வர வேண்டாம். இ-பாஸ் எடுத்தாலும் பர்லியாரில் இருந்தே வண்டி ஊர்கிறது. காலாண்டு லீவுக்கு வாருங்கள். எழும்பூரில் பானை மூடிகளைப் பார்த்துவிட்டு வந்தால் இங்கே நான் காட்ட வேண்டியது சுலபமாகிவிடும். ஊட்டிக்குப் பக்கத்தில் எம்.பாலாடா போகிற வழியில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேருடைய பொருள்களும் அங்கே உண்டு. டூரிஸ்ட் அங்கே வருவதே இல்லை. கேட்டால், "அங்கே என்ன இருக்கிறது, நேராகப் போட் ஹவுஸ் விடுங்கள்" என்பார்கள். நானும் விட்டுவிடுவேன், பார்ட்டியோடு வாதம் செய்ய முடியுமா? நம் வீட்டுப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா இருக்கிறது, இப்போது மியூசியம். நீ சின்ன வயதில் பார்த்தபோது இடிந்து கிடந்தது, இப்போது பழுது பார்த்துச் சிவப்பு வர்ணம் அடித்து நன்றாக வைத்திருக்கிறார்கள். பழைய நீலகிரிப் படங்கள் நிறைய இருக்கின்றன. வீட்டில் இருந்து நடந்தே போய்விடலாம்.

கொடைக்கானல் பக்கம் போக மாப்பிள்ளைக்கு ஆசை என்றாய். போனால் செண்பகனூர் மியூசியத்தை விடாதே. சேசு சபைப் பாதிரியார்கள் 1895-ல் ஆரம்பித்தது. பழனிமலைப் பறவை, பாம்பு, பட்டாம்பூச்சி எல்லாம் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சின்னவளுக்குப் பாம்பு பயம் என்றால் பட்டாம்பூச்சிப் பக்கமாகக் கூட்டிப் போ.

லீவு தேதி தெரிந்ததும் முதலில் எனக்குச் சொல். ஆயுத பூஜைக் கூட்டத்துக்கு இப்போதே வண்டி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் வருகிற நாட்களுக்கு நான் சவாரி ஒத்துக்கொள்ளாமல் வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா