தங்கராஜுக்கு, குளம் பற்றி

கேத்தி, நீலகிரி
தை மாதம்

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. சரோஜாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போகவிடாதே, நீயே சமை. இங்கே எல்லாரும் சுகம். உறைபனி இந்த வருஷம் தாமதமாகத்தான் விழுந்தது. விழுந்ததும் பள்ளத்தில் இருந்த உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிப்போயிற்று.

கொடைக்கானல் வீட்டுக்குப் பின்னால் மீன் குளம் கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். கொத்தனாரைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடு.

அண்ணன் கோவைக்குப் போனபின் இந்த வீட்டுக் குளம் என் கைக்கு வந்தது உனக்குத் தெரியும். அப்போது தண்ணீருக்குள் கையை விட்டால் விரல் தெரியாது, அவ்வளவு பச்சை. அடிக்கடி ஏதாவது ஒரு மீன் செத்து மிதக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: முழுக்க இறைத்துவிடு, சுவரைத் தேய்த்துக் கழுவு, பிளீச்சிங் பவுடர் போடு. நான் கேட்கவில்லை. நீயும் எந்நாளும் கேட்காதே.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனின் செவுளைக் கெடுக்கும். சுவரிலும் கல்லிலும் வழுவழுவென்று படிந்திருக்கிறதே, அதில்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நைட்ரைட் மீனுக்கு விஷம். நைட்ரேட் செடிக்கு உரம். தேய்த்துக் கழுவினால் இந்தக் குடித்தனமே போய்விடும். திரும்ப உண்டாகச் சாதாரணமாகவே பல வாரம் ஆகும், நம் மலைக் குளிரில் இன்னும் மெதுவாகத்தான் வளரும். அதற்குள் மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறும். தண்ணீர் மாற்றத்தான் வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. குழாய்த் தண்ணீரை ஒன்றிரண்டு நாள் திறந்த தொட்டியில் வைத்து, குளோரின் போனபிறகு ஊற்று.

என் மனதை உறுத்திய இன்னொன்று. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பசி என்று நினைத்து, பாசத்தோடு பொரியும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது பசியே அல்ல, மூச்சு முட்டல். பச்சைத் தண்ணீரில் இருக்கிற நுண்பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும். இருட்டியதும் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் காற்று மிகவும் குறைவு. போட்ட பொரி அடியில் அழுகும்போது இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிடும். மூச்சுக்குத் தவிக்கிற உயிருக்கு அன்பினாலேயே மேலும் மூச்சடைக்க வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்கள். பத்து மணி வெயிலில் மீன்கள் தாமாகக் கீழே இறங்குவதை இப்போது அவர்களே வந்து எனக்குச் சொல்கிறார்கள்.

ஆனால் பச்சைக்கு மூலகாரணம் வீட்டுக்குள் இல்லை, மேலே இருந்தது. எங்களுக்கு மேல் படியில் காரட் தோட்டம். கோழி எருவும் மூட்டை உரமும் போட்ட மண், ஐப்பசி மழையில் கரைந்து நேரே குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரரும் நானும் சேர்ந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி அதைத் திருப்பிவிட்டோம். நான் செய்த எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். உன் வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கமாக வருகிறது என்று முதலில் பார். இடத்தை அதற்குப் பிறகு முடிவு செய்.

அடுத்து மீன். அண்ணன் வளர்த்தது மிரர் கார்ப் என்ற கெண்டை மீன், 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்த இனம். நல்ல மீன்தான், குளிரும் தாங்கும். ஆனால் அடிமண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். செடி வேர்பிடிக்க விடாது, தண்ணீரும் தெளியாது. பெரியவற்றை ஏரிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தங்கமீன்களை மட்டும் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் வசம்பு, நடுவில் தொட்டியோடு இறக்கிய அல்லி. பாசி தின்னவேண்டிய நைட்ரேட்டை இவை தின்கின்றன, இலை நிழலும் பாசியை அடக்குகிறது. வெங்காயத்தாமரை யார் கொடுத்தாலும் வாங்காதே. மழையில் ஓடைக்குப் போய்விட்டால் அதைப் பிடிக்க முடியாது.

கொசுவுக்குக் கம்பூசியா என்ற சின்ன மீனை விடச் சொல்வார்கள். வேண்டாம். அது தவளையின் தலைப்பிரட்டைகளையும் தட்டாம்பூச்சிக் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்றுவிடும். கொசுப் புழுவைத் தின்ன தங்கமீனும் தட்டாம்பூச்சிக் குஞ்சும் போதும். தலைப்பிரட்டை வந்துவிட்டது என்றால் குளம் தேறுகிறது என்று நான் நம்புகிறேன்.

புதுச் சிமெண்டுத் தொட்டி என்றால் மீன் விடும் முன் பலமுறை நிரப்பி வடித்துவிடு. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பி.எச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மை, ஏறும். பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் கூடும். சோதனைத் தாள் வாங்கி வைத்துக்கொள். ஆழம் நாலடியாவது இருக்கட்டும், அப்போதுதான் பகல் வெயிலும் ராப்பனியும் தண்ணீரை அலைக்கழிக்காது. கற்பூர மரம், சீகை மரம் பக்கத்தில் வேண்டாம், இலை விழுந்து அழுகும். மார்கழி, தையில் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் தீனியே போடாதே. செரிக்காது, பட்டினியால் ஒன்றும் ஆகாது.

இவ்வளவுக்கும் பிறகு இங்கே தண்ணீர் கண்ணாடியாகிவிடவில்லை. மழைக்குப் பின் கொஞ்சம் கலங்குகிறது, வெயில் மாதத்தில் லேசாகப் பச்சை தட்டுகிறது. நான் எதையும் ஊற்றாமல் விட்டுவிடுகிறேன், அதுவாகத் தெளிகிறது.

சித்திரையில் சரோஜாவையும் கூட்டிக்கொண்டு வா. வசம்புக் கிழங்கு பிரித்துத் தருகிறேன், ஈரச் சாக்கில் சுற்றினால் பேருந்தில் தாங்கும். இங்கிருந்து ஒரு வாளி அடிச்சேறும் நாலைந்து பாசி படிந்த கல்லும் எடுத்துப் போ, உன் குளம் சீக்கிரம் உயிர் பிடிக்கும். எந்த இடம் என்று தீர்மானித்ததும் ஒரு படம் வரைந்து அனுப்பு, மேட்டையும் பள்ளத்தையும் குறித்து.

அன்புடன்,
சண்முகம்