எதில் பாதி என்று கேளுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மதிப்பெண்ணுக்காக இல்லை, எங்கே தடுக்குகிறது என்று பார்க்கத்தான். பின்னம், சதவீதம், முழுக்கள் (மைனஸ் எண்களும் சேர்ந்த முழு எண்கள்) என்று பாடங்கள் மூன்றாக இருந்தாலும் பிள்ளைகள் இடறுவது ஒரே இடத்தில்தான். அதைச் சரிசெய்ய உங்கள் உதவியும் வேண்டும்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது குறையுமா? எங்கள் கணித ஆசிரியை ஆறு துண்டாகக் கோடு போட்ட கடலை மிட்டாய் ஒன்றை மேசையில் வைத்தார். பாதி என்றால் மூன்று துண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு துண்டு. ஆக, ஆறில் ஐந்து. மீச்சிறு பொது மடங்கு என்று புத்தகம் சொல்வது, இரண்டு பங்கையும் ஒரே அளவுத் துண்டாக வெட்டிக்கொள்ளும் வேலைதான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அரைக்கால், மாகாணி பற்றிப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லுங்கள். இரண்டு மாகாணி ஓர் அரைக்கால், நாலு மாகாணி கால், பதினாறு மாகாணி ஒன்று. எட்டில் ஒன்றும் பதினாறில் ஒன்றும் அவர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கியவை. நான்கைவிட எட்டு பெரிது, அதனால் காலைவிட அரைக்கால் பெரிது என்று எழுதும் பிள்ளைக்கு அந்தப் பேச்சு நன்றாக உதவும்.

சதவீதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். ஓர் இடத்தில் மூன்று வட்டிக்குப் பணம் கிடைக்கிறது, இன்னோர் இடத்தில் ஆண்டுக்கு 9 சதவீத வட்டி. எது குறைவு? பாதி வகுப்புக்கு மேல் மூன்றுதான் குறைவு என்று கை தூக்கியது. நம் ஊரில் மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். பத்தாயிரம் வாங்கினால் மாதம் 300, ஆண்டுக்கு 3,600. அதாவது 36 சதவீதம். ஒன்பதோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. கரும்பலகையில் இதை எழுதி முடித்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. சில பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

நகைக்கடையில் சொல்லும் 916-ம் இதே பாடம்தான். 22 காரட் என்றால் 24-இல் 22 பங்கு தங்கம், ஏறக்குறைய 91.6 சதவீதம். எட்டு கிராம் பவுனில் சுத்தத் தங்கம் ஏழு கிராமும் மூன்றில் ஒரு பங்கும். சேதாரம் இத்தனை சதவீதம் என்று கடைக்காரர் சொல்லும்போது பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும், எதற்கு அந்தச் சதவீதம் என்று கேட்கட்டும்.

மல்லிகை கிலோ 400-இலிருந்து 800 ஆனால் 100 சதவீத ஏற்றம். மறுபடி 400-க்கு வந்தால் 50 சதவீத இறக்கம். ஏறியதும் இறங்கியதும் அதே 400 ரூபாய், சதவீதம் மட்டும் எப்படி மாறும் என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதலில் 400-ஐ நூறாக வைத்தோம், அடுத்து 800-ஐ நூறாக வைத்தோம். அவ்வளவுதான்.

இந்த "எதில்?" என்ற கேள்விதான் மூன்று பாடங்களுக்கும் சாவி. வைகை அணையில் தேக்கும் தண்ணீரின் முழு மட்டம் 71 அடி. நீர்மட்டம் முப்பத்தைந்தரை அடி என்றால் அணையில் பாதித் தண்ணீர் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். உயரத்தில்தான் அது பாதி. நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகலம் என்பதால், தண்ணீர் பாதிக்கும் நிறையவே குறைவு.

முழுக்களில் அந்தக் கேள்வி, பூஜ்ஜியம் எங்கே என்று மாறுகிறது. தரை பூஜ்ஜியம் என்றால் கிணற்றுத் தண்ணீர் மைனஸ் 20 அடியில் நிற்கலாம். மைனஸ் 20 பெரிதா, மைனஸ் 30 பெரிதா என்று கேட்டால் முப்பது என்று சொல்லத் தோன்றும். கிணற்றை எட்டிப் பார்த்த பிள்ளை தடுமாறாது. மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் எப்படி பிளஸ் வரும் என்பதற்கும் அதே கிணறு போதும். தண்ணீர் தினமும் 2 அடி இறங்கினால் அது மைனஸ் 2. மூன்று நாள் முன்பு என்பது மைனஸ் 3. அன்று தண்ணீர் இன்றைவிட 6 அடி மேலேதானே இருந்திருக்கும்?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? ராத்திரி வரவு செலவு பார்க்கும்போது பிள்ளையை உட்கார வையுங்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போன பூ நாலேகால் கிலோ, கிலோ 600 ரூபாய், கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் கையில் வருவது எவ்வளவு? 2,295 என்று பிள்ளை சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் திட்டாமல், எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். படிக்காத பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்வி அது. அப்புறம் ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பெண்களுக்குக் கணக்கு வராது என்று மகள் காதுபடச் சொல்லாதீர்கள். பூ மண்டியில் ஒரு ரூபாய் விடாமல் கணக்குத் தீர்க்கிற அம்மாக்களே அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், மனசு கஷ்டமாக இருந்தது.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஏழாம் வகுப்பறையில் கூடுவோம். பழைய மண்டிச் சீட்டு, மகளிர் குழு நோட்டு, மளிகை பில் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். உங்கள் பிள்ளைகளே அதைப் பார்த்து உங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை