வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வாக்கரை மூலையில் சாத்திவிட்டுக் கைத்தடிக்கு மாறிவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இன்னும் மூன்று மாதம் ஆற்றுக்குக் குளிக்கப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதை ஏதோ நாடுகடத்தல் மாதிரி எழுதியிருக்கிறாய். அம்பையில் குழாய்த் தண்ணீரும் அதே தாமிரபரணிதானே, பொறுத்துக்கொள்.

இங்கே கமலாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றது தை மாதம். பேரன் எட்டாம் வகுப்பு. அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அவனால்தான் இவ்வளவும்.

எழுபதை நெருங்குகிற ஆள் செவ்வாய்க்கிரகத்துக்காரன் படையெடுத்து வருகிற கதையைப் படித்துக்கொண்டிருக்கிறாயே என்று கேலி செய்திருந்தாய். முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன் கணக்குப் போடாமல் விடுவாயா? பக்கத்து நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு, வாயேஜர் விண்கலம் போகிற வேகத்தில் எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும், அத்தனை செலவு செய்து நம் குளத்துத் தண்ணீரைத் திருடவா வருவான் என்று. சரி, ஒப்புக்கொள்கிறேன். யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலை இரண்டாம் தடவை ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்து படித்தேன். ஏன் என்று எனக்கே யோசனை. அதைத்தான் எழுதுகிறேன்.

வெல்ஸ் காலத்தில் உன் கணக்குக் கிடையாது என்பதை முதலில் பார். 1877இல் இத்தாலிக்காரர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைப் பார்த்ததாகச் சொல்ல, அது மற்றவர்கள் வாயில் வெட்டிய கால்வாய்களாகிவிட்டது. 1894இல் செவ்வாய் பூமிக்குக் கிட்டத்தில் வந்தபோது அதன் விளிம்பில் ஏதோ வெளிச்சம் தெரிந்ததாகச் செய்தி வந்தது. வெல்ஸ் அந்தச் செய்தியை அப்படியே எடுத்து முதல் அத்தியாயத்தில் வைத்து, அதுதான் செவ்வாய்க்காரர்கள் நம்மைக் குறிவைத்துப் பீரங்கி வார்த்த நெருப்பு என்று கதையைத் தொடங்கிவிடுகிறார். அன்றைக்கு அதைப் படித்தவனுக்குச் செவ்வாய் என்பது அடுத்த தெரு. 1976இல் வைக்கிங் விண்கலம் போய் இறங்கி வெறும் கல்லையும் மண்ணையும் காட்டிய பிறகு அந்த அஸ்திவாரமே போய்விட்டது. கதை மட்டும் விழாமல் நிற்கிறது.

1895இல் மனிதர் லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்ற ஊரில், ரயில் பாதையைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டில் குடியேறுகிறார். அப்போதுதான் சைக்கிள் பழகுகிறார். பழகின சைக்கிளில் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய், செவ்வாய்க்காரர்கள் எந்த இடத்தை அழிக்கலாம், யாரைக் கொல்லலாம் என்று குறித்துக்கொண்டு வருவாராம்! பிற்பாடு அவரே எழுதியது. அந்த வேலையை எவ்வளவு ரசித்துச் செய்திருப்பார்! 1897இல் பத்திரிகையில் தொடராக வந்து, மறு வருஷம் புத்தகமானது. செவ்வாய்க்காரர்களைச் சுமந்து வரும் முதல் உருளை விழுகிற ஹார்செல் மைதானம் அவர் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான்.

ஒரு இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்காரர்கள் வோக்கிங்கைச் சுடும்போது, மசூதியின் உச்சி காணாமல் போனது என்று ஒரு வரி. 1890களில் இங்கிலாந்துச் சிற்றூரில் மசூதியா என்று தேடினால், நிஜமாகவே இருக்கிறது. 1889இல் லைட்னர் என்ற அறிஞர் கட்டியது. பணம் கொடுத்தது போபாலை ஆண்ட பேகம் ஷாஜகான், அவர் பெயரிலேயே இன்றைக்கும் நிற்கிறது. போபாலிலிருந்து போன காசில் எழும்பிய கட்டடத்தை எட்டே வருஷத்தில் வெல்ஸ் காகிதத்தில் இடித்துவிட்டார். அதே மூச்சில் கதைசொல்லியின் சொந்த வீட்டுப் புகைபோக்கி வெடித்து, ஓட்டின் மேல் உருண்டு வந்து, அவன் எழுதும் அறை ஜன்னலுக்கு வெளியே பூப்பாத்தியில் சிவப்புச் சில்லுகளாகக் குவிகிறது. ஊரே எரிகிறது, அவன் கண்ணில் படுவது பூப்பாத்தி.

நான் சொல்ல வந்தது அப்புறம் வரும் குதிரைவண்டியை. வீட்டுக்காரியைத் தப்ப வைக்க வேண்டும், வண்டி வேண்டும். ஓடிப்போய் விடுதிக்காரனிடம் கேட்கிறான். தன் வீட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றே அந்த ஆளுக்குத் தெரியாது. யாரோ அவனிடம் பன்றிக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறான், ஒரு பவுண்டுக்குக் குறையாது என்கிறான் விடுதிக்காரன். நம் ஆள் முன்னால் நிற்பவன் தோளுக்கு மேலாகவே, இரண்டு தருகிறேன், நடுராத்திரிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்கிறான். இரண்டும் கொடுத்துத் திருப்பியும் கொண்டுவருவாயா, என்னய்யா சங்கதி என்று விடுதிக்காரனுக்கு ஆச்சரியம். மனைவியை லெதர்ஹெட்டில் உறவுக்காரர் வீட்டில் விட்டாயிற்று. அங்கேயே இருந்துவிடலாம். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறானே! அதற்காகவே அவளும் வற்புறுத்தாமல் விடுகிறாள். ராத்திரி இடிமழையில் திரும்புகிறான், மூன்று கால் இயந்திரங்கள் எதிரே வருகின்றன, வண்டி கவிழ்ந்து குதிரை சாகிறது. நடந்தே ஊருக்குள் போகையில் இருட்டில் காலில் ஏதோ தட்டுகிறது. மின்னல் வெளிச்சத்தில் பார்த்தால், அந்த விடுதிக்காரன். கழுத்து முறிந்து கிடக்கிறான்.

இதை எந்தப் பீரங்கியும் எனக்குச் செய்ததில்லை. இன்னொன்றும் உண்டு. திரும்பிப் போவதில் தனக்கு உள்ளூர ஒரு குஷி இருந்தது, சண்டை பார்க்கிற வெறி என்று அவனே சொல்லிவிடுகிறான். வாக்கு பாதி, சாக்கு பாதி. நாமும் அப்படித்தானே இருப்போம்?

2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்ததைப் போனில் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லவில்லை. விடிகிற நேரத்தில் மாடி வீட்டிலிருந்து அப்பாவைப் படகில் இறக்கினோம். எண்பத்தாறு வயது. மாத்திரை டப்பாவை விட்டுவிட்டார், கண்ணாடியை விட்டுவிட்டார். படகுக்காரரிடம் அவர் சொன்னது, “இஸ்திரிக்காரனுக்கு நாற்பது ரூபா பாக்கிப்பா, வந்தா யாருமில்லைன்னு போயிடுவானே.” நான் எரிந்து விழுந்தேன். தெருமுனை திரும்பும்போது அந்த இஸ்திரி வண்டி சக்கரம் மேலே தெரியக் கவிழ்ந்து, மின்கம்பத்தில் முட்டிக்கொண்டு கிடந்தது. அப்பா அப்புறம் வாயே திறக்கவில்லை. பத்து நாள் கழித்து அந்த ஆள் நல்லபடியாக வந்து பாக்கியை வாங்கிக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம். விடுதிக்காரன் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு நினைவு வந்தது அந்தச் சக்கரம்தான். பெரிய பட்ஜெட் படங்களில் உலகத்துக் கோபுரங்களையெல்லாம் வரிசையாகத் தகர்க்கிறார்களே, ஒன்றிலும் யாருக்கும் யாரிடமும் நாற்பது ரூபாய் பாக்கி இருப்பதில்லை. எனக்குத் தூக்கம்தான் வருகிறது.

ஊர்ப் பெயருக்கு இருக்கும் வலுவை வானொலிக்காரர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 1938 அக்டோபர் 30இல் ஆர்சன் வெல்ஸ் (இவர் வேறு வெல்ஸ்) இதை அமெரிக்க வானொலியில் செய்தி மாதிரி நாடகமாக்கியபோது, வசனம் எழுதிய ஹோவர்ட் காக் நியூ ஜெர்சி சாலை வரைபடத்தில் கண்ணை மூடிப் பென்சிலை வைத்தாராம். குரோவர்ஸ் மில் என்ற குட்டி ஊர் அகப்பட்டது. அமெரிக்காவே தெருவுக்கு ஓடிவந்தது என்பது பெரும்பாலும் பத்திரிகைகள் ஊதிய கதை. ஆனால் 1949 பிப்ரவரியில் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் நடந்தது ஊதியது இல்லை. அங்கே சுற்றுவட்டார ஊர்களின் பெயரையே சொல்லி ஒலிபரப்பினார்கள். ஜனங்கள் நம்பித் தெருவுக்கு வந்தார்கள். நாடகம் என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் வானொலி இருந்த பத்திரிகைக் கட்டடத்தைக் கொளுத்திவிட்டார்கள். ஆறு பேராவது செத்தார்கள்.

நீ கேட்பாய், இதெல்லாம் வெறும் பயத்தின் ருசிதானே என்று. பாதி அப்படித்தான். மீதி ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கிற டாஸ்மேனியா தீவு. அண்ணன் ஃபிராங்க் பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்துதான் வெல்ஸுக்கு இந்த யோசனையே வந்தது, புத்தகத்தை அவருக்கே சமர்ப்பித்திருக்கிறார். செவ்வாய்க்காரர்களைத் திட்டுமுன் டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு ஐம்பதே வருஷத்தில் ஐரோப்பியர்களான நாம் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதுகிறார். அடியோடு அழிந்தார்கள் என்றது மட்டும் தப்பு, அவர்கள் வழிவந்தவர்கள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். இங்கிலீஷ்காரன் அதைப் படித்து முதல் தடவையாக, நம் மேலும் இப்படி ஒருவன் வந்தால் என்று திடுக்கிட்டிருப்பான். நம் தாத்தாக்களுக்கு அதில் கற்பனை செய்ய என்ன இருந்தது?

சரி, பேரன் விஷயம். சைக்கிளில் சுற்றி வெல்ஸ் இடம் குறித்ததை அவனிடம் சொன்னேன். மறுநாளே நோட்டில் எங்கள் தெருப் படம் தயார். முதலில் அழிவது அவனுடைய டியூஷன் சென்டர். இரண்டாவது கணக்கு வாத்தியார் ஸ்கூட்டர், ஸ்கூட்டர் மட்டும், வாத்தியார் பிழைத்துக்கொள்கிறார். இளநீர்க்காரருக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒன்றும் ஆகாது. அம்பையும் கதையில் வர வேண்டுமாம், தாத்தா படித்த பள்ளிக்கூடம் இருக்கிற தெருவின் படம் கேட்கிறான். எனக்கு அங்கே கிழக்கு மேற்கே மறந்துவிட்டது. நீ கைத்தடியோடு சாயங்காலம் நடக்கத்தானே போகிறாய், ஒரு தாளில் வரைந்து அனுப்பு. எதை இடிக்கலாம் என்று பெருக்கல் குறி போட்டு அனுப்பு. ஹெட்மாஸ்டர் ரூம் மேல் எனக்காக ஒன்று கூடுதலாகப் போடு.

அன்புடன்,
கிருஷ்ணன்