இன்றைய ஓவியத்துக்கும் டெல்டாவில் ஒரு சுவர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தின் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை மனநிறைவோடு படித்தேன். அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு குறையை எழுத அதுவே தூண்டியது. முன்னோர் கலையைக் காக்கக் கலைக்கூடமும் சரசுவதி மகாலும் இருக்கின்றன; இன்று நம்மிடையே இருந்து வரைகிறவர்களின் படைப்புகளை வைத்துக் காட்ட, எங்கள் வட்டாரத்தில் ஊரார் தமதென்று சொல்லிக்கொள்ளும் நிலையான இடம் ஒன்றுகூட இல்லை.

பெரிய கோயிலில் கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். முந்தையதை மறைத்து வரைந்தது சரியா என்பது வேறு பேச்சு. அந்தந்தக் காலத்தார் வரைவதற்கு இங்கே சுவர் கிடைத்தது என்பதையே நான் எண்ணிப் பார்க்கிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, நெல் பிடிக்கும் சணல் சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, கரியையும் வண்டல் மண்ணையும், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசையில் குழைத்து, விழுந்த தோப்பு ஒன்றை ஆளுயரத்துக்கு வரைந்தார். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் ஒரு திருமண மண்டபத்தை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து அதைக் காட்சிக்கு வைத்தோம். நடவு வேலை முடிந்து சேற்றுக்காலோடு வந்த அம்மா ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். "வேரு மேல பாத்துக் கெடக்கு பாருங்க சார், எங்க தோப்புலயும் இப்படித்தான் கெடந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். நவீன ஓவியம் பாமரருக்குப் புரியாது என்ற பேச்சை அதன்பின் நான் ஏற்பதேயில்லை.

மூன்றாம் நாள் மாலை படத்தைச் சுருட்டிப் பரணில் ஏற்றினோம். ஐப்பசி அடைமழையில் வச்சிரப் பசை ஈரத்தை இழுத்து, படமெங்கும் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது; கீழ் ஓரத்தைக் கரையான் அரித்துவிட்டது. இப்படிப் பரணிலும் கட்டிலுக்கடியிலும் வீணாகும் படைப்புகள் எத்தனையோ!

இதற்குப் பெரிய மாளிகை தேவையில்லை. மராத்தியர் காலச் சத்திரங்கள் சில இன்றும் முற்றமும் தாழ்வாரமுமாகக் கவனிப்பாரின்றி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கூரை ஒழுகாமல் செப்பனிட்டு, படங்கள் ஈரச் சுவரில் ஒட்டாதபடி சட்டம் வைத்து மாட்டி, நீர்வண்ணத் தாள்களின்மீது 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடும். எதை வைப்பது என்பதை ஓவியர்களோடு ஊராரும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். விளக்கப் பலகைகள் தமிழில் இருக்க வேண்டும். முக்கியமாக, வயல் வேலைக்குப் போகிறவர்கள் வந்து பார்க்க இரவு எட்டு மணி வரையாவது கதவு திறந்திருக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும், மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில்தான் சென்னைக்கு அருகே நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தார்கள். அவர்கள் தங்கள் கிராமத்துக்குப் பெயராக எடுத்துக்கொண்ட இந்தச் சோழ மண்டலத்திலேயே உள்ளாட்சி அமைப்புகளும் வணிகர்களும் வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளும் கைகொடுத்தால் இது நடக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தச் சாக்கு ஓவியத்தின் பூஞ்சணத்தை மென்தூரிகையால் தட்டியெடுத்து, இப்போது என் வீட்டுக் கூடத்தில் காற்றாட விரித்து வைத்திருக்கிறோம். இடம் அமைந்தால் முதல் படமாக அதைத் தர என் மாணவர் இசைந்திருக்கிறார். தம்மிடம் உள்ள படைப்புகளைத் தரக்கூடியவர்களும், கட்டடம் தரக்கூடியவர்களும் தெரியப்படுத்தத் தங்கள் இதழில் சிறிது இடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி.