கூசும் காதும் 'கிரேஸி'யும்

பழைய கண்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற வேர் கொண்ட இசை) பாடல்களை மெருகேற்றி மறுபதிப்பு செய்யும் ஒலிப்பொறியாளர்களுக்கு,

வணக்கம். 'காது கூசுகிறது' என்றால் எங்கள் பக்கம் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தாலே கூசும். குக்கர் விசில் வரும் நேரம் பார்த்து மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். மருத்துவத்தில் இதை ஹைப்பராகுசிஸ் என்கிறார்கள். மற்றவர்களுக்குச் சாதாரணமான சத்தம் எங்களுக்குத் தாங்க முடியாத சத்தம். மெல்லுவது, மூச்சு இழுப்பது போன்ற சில ஒலிகள் மட்டும் ஆத்திரத்தைக் கிளப்புவது இன்னொரு வகை, அது மிசோஃபோனியா. என்னிடம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். காதை எந்நேரமும் அடைத்தே வைத்திருந்தால் கூச்சம் இன்னும் கூடும். மெல்லிய ஒலிகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக்க வேண்டும். நான் பழகியது அமெரிக்கக் கண்ட்ரி பாடகி பேட்ஸி க்ளைனின் 'கிரேஸி' பாட்டில்.

வில்லி நெல்சன் எழுதியது. 1961-ல், கண்ட்ரி இசையின் தலைநகரான அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஓவன் பிராட்லி தயாரித்தது. மூன்று நிமிடம்கூட ஓடாது. ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஓரங்கட்டிவிட்டு கண்ட்ரி இசையை மழுமழுவென்று ஆக்கிவிட்டார்கள் என்று 'நாஷ்வில் சவுண்ட்' மீது தூய்மைவாதிகளுக்குத் தீராத கோபம். அந்த மழுமழுப்புதான் எங்களுக்கு வரம். டிரம்ஸ், பக்கத்து வீட்டில் யாரோ முறத்தில் புடைப்பது போல அடங்கிக் கேட்கிறது. பின்னால் ஜோர்டனயர்ஸ் குழுவினர் சொல்லில்லாமல் குரலை இழுக்கும்போது எங்கே தொடங்கினார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்றே தெரியாது. எங்களை அடிப்பது பெரிய சத்தத்தைவிட, சொல்லாமல் கொள்ளாமல் வரும் சத்தம்தான். பேட்ஸியும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால், அவசரமில்லாமல் வருகிறார்.

பியானோ மட்டும் வேறு கதை. ஃப்ளாய்ட் க்ரேமர் மேல் ஸ்தாயியில் அங்கங்கே தட்டும் ஸ்வரங்கள் ஊசி மாதிரி இறங்கும். முதல் சில மாதங்கள் அந்த இடம் வந்தாலே தோளைக் குறுக்கிக்கொள்வேன். எப்போது வரும் என்று தெரிந்துவிட்ட பிறகு பாதி பயம் போயிற்று.

இந்தப் பாட்டு பதிவான கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வருடம் ஜூனில் பேட்ஸி மோசமான கார் விபத்தில் சிக்கினார். ஆகஸ்டில் பாட வந்தபோது விலா எலும்பு வலியில் உச்ச ஸ்வரங்களைப் பிடித்து நிற்க முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிவுசெய்து வைத்துக்கொண்டார்கள். சில வாரம் கழித்து அவர் வந்து அதன் மேல் பாடினார். வலிக்கிற உடம்புக்காக அந்த அறையில் வேலையைத் தள்ளிவைக்க முடிந்திருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கத் துணிகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மறுபதிப்பு வாங்கினேன். யாருடையது என்பது வேண்டாம். முதல் சொல்லிலேயே அந்த 'ஸி' பாம்பு போலச் சீறியது. 'தெளிவு' வேண்டும் என்று மேல் அலைவரிசையை யாரோ தாராளமாக ஏற்றியிருக்கிறார்கள். சீறல் ஒலிகள் குடியிருப்பது 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் கம்ப்ரஷன். மெல்லியதை உயர்த்தி, உயர்ந்ததை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததில், வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு இழுப்பது பாட்டுக்குச் சமமாக எழுந்து நின்றது. மிசோஃபோனியா உள்ளவருக்கு வேறு தண்டனையே வேண்டாம். சரி, ஒலியளவைக் குறைத்துக் கேட்கலாமே என்றால், குறைக்கக் குறைக்க முதலில் காணாமல் போவது அடியில் இருக்கும் பாஸ். மனிதக் காது அப்படித்தான் வேலை செய்கிறது. கடைசியில் சீறலும் மூச்சும்தான் மிச்சம். பத்து விநாடியில் நிறுத்திவிட்டேன். அன்று இரவு முழுக்கக் காதுக்குள் விண்விண்ணென்று இருந்தது.

சத்தமாக இருந்தால்தான் விற்கும் என்ற காலமும் மலையேறிவிட்டது. ஸ்பாட்டிஃபையே சத்தமான பாட்டுகளை வழக்கமாகச் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (ஒலி எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அலகு) மட்டத்துக்கு இறக்கித்தான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் ஏற்றிய சத்தத்தை அவர்கள் கழித்துவிடுகிறார்கள். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே வந்து சேருகிறது.

எனவே மூல நாடாவில் மூச்சு எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவிலேயே விடுங்கள். புதிய பதிப்பு வந்ததும் பழையதைச் செயலிகளிலிருந்து தூக்கிவிடாதீர்கள். ஒரு வாத்தியத்தை ஒரே காதில் தள்ளும் அந்தக் கால ஸ்டீரியோ, ஹெட்ஃபோனில் எங்களைப் படாதபாடு படுத்துகிறது. இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் மோனோ கலவையையும் கூடவே கொடுங்கள். 1961-ல் ரேடியோவிலும் ஜூக்பாக்ஸிலும் ஜனங்கள் கேட்டது அதைத்தான்.

பியானோவில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதற்கு நான் பழகிவிட்டேன்.

இப்படிக்கு,
காது கூசும் ஒரு ரசிகர்